ரெண்டு டைமண்ட்

— டைமண்ட் எங்க, பாப்பா?

— வண்டியை எடு, அண்ணா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.

— எப்படி எடுக்கிறது? பின்னாடி திரும்பிப் பாரு. அந்த வக்கீல் தன் காரை நம்ம காருக்குக் குறுக்க நிறுத்திட்டு மேல போயிருக்கான். பரிசு வாங்கி, போட்டோ பிடிச்சு, நாலு பேருக்குக் கை குடுத்துட்டுத்தான் இறங்குவான். மேஜையிலயும் வழியை அடைச்சான், இங்க வந்தும் அடைச்சு வெச்சிருக்கான். அதனால சாவகாசமாக் கேக்கறேன். ரெண்டு டைமண்ட்னு ஏலம் கேட்டியே, டைமண்ட் எங்க?

— ஒண்ணு இருந்துச்சு.

— ஒண்ணு! அந்த ஒண்ணாவது என்ன, ராஜாவா, ராணியா?

— மூணு.

— டைமண்ட் மூணு. அடடா. அதை வெச்சுக்கிட்டு டைமண்ட்தான் துருப்புன்னு கேட்டு, ‘தோக்கப் போறீங்க’ன்னு அவங்க டபுள் சொல்லி, நாலு பிடி குறைஞ்சு, ஆயிரத்து நூறு புள்ளி. காலையில இருந்து எறும்பு மாதிரி சேத்ததெல்லாம் ஒரே ஆட்டத்துல போச்சு. ரெண்டு ஜோடிதான் லீக்குக்குப் போகும். நாம மூணாவது.

— எனக்குத் தெரியாதா? பலகையில நானும்தானே பாத்தேன். திட்டணும்னா ஒரேயடியாத் திட்டிடு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாத் தோலை உரிக்காதே.

— நான் திட்டல. எனக்குப் புரியல, அதனால கேக்கறேன். எதிராளி நாலு ரகமும் பரவலா வெச்சுக்கிட்டு, துருப்பே வேணாம்னு ஒரு நோ டிரம்ப்ல ஆரம்பிச்சா நமக்குள்ள என்ன பேச்சு? சொல்லு.

— சின்னப் பிள்ளையைக் கேக்கிற மாதிரி கேக்காதே.

— சொல்லு, பாப்பா.

— ஹார்ட்டும் ஸ்பேடும் அஞ்சஞ்சு இருந்தா ரெண்டு கிளப் கேக்கணும். கிளப் இருக்குன்னு அர்த்தமில்ல. ‘ஹார்ட், ஸ்பேட் ரெண்டும் என்கிட்ட இருக்கு, உனக்கு எது வசதியோ அதைச் சொல்லு’ன்னு அர்த்தம். ரெண்டு டைமண்ட் கேட்டா, டைமண்ட் மட்டும் நீளமா இருக்கு, வேற பேச்சே வேணாம்னு அர்த்தம். போதுமா?

— இவ்வளவு அழகா ஒப்பிக்கிற. உன் கையில ஹார்ட் அஞ்சு, ஸ்பேட் அஞ்சு. கிளப் கேக்க வேண்டிய கை. ஏன் டைமண்ட் கேட்ட?

— கை தவறிடுச்சு. ஏலப் பெட்டியில அட்டையெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. கிளப் அட்டையை எடுக்கப் போய்ப் பக்கத்து அட்டை வந்துடுச்சு.

— யாருக்குக் காது குத்தற? கை தவறினா அட்டையை வெச்ச உடனே தெரியும். நடுவரைக் கூப்பிட்டா மாத்திக்க விடுவாங்க. நீ வெச்சுட்டு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த, கரண்ட் பில் கட்டிட்டு வந்தவ மாதிரி. உனக்கு அடுத்தது டாக்டரம்மா. அவங்க என்னைக் கேட்டாங்க, ‘உங்க பார்ட்னர் கேட்டதுக்கு என்ன அர்த்தம்?’னு. ‘டைமண்ட் நீளமா இருக்குன்னு அர்த்தம்’னு சொன்னேன். அப்பதான் உன் முகம் வெளுத்துச்சு. அட்டையைப் பாத்து வெளுக்கல. நான் சொன்ன அர்த்தத்தைக் கேட்டு வெளுத்துச்சு.

— எக்ஸ்ரே எடுக்கிறது என் வேலை. நீ ஏன் எடுக்கிற?

— மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கிறவனுக்கு இதுகூடக் கண்ணுல படலைன்னா கடையை மூடிட வேண்டியதுதான்.

— அண்ணா, வெளிய யாரோ தட்டறாங்க.

— சார், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க. வக்கீல் சாருக்குப் போன் போட்டேன், எடுக்கல. பரிசு முடிஞ்சதும் வந்துடுவார்.

— ஏன் வாட்ச்மேன், இப்படிக் குறுக்க நிறுத்த விடலாமா?

— சொன்னேன் சார். ‘அஞ்சு நிமிஷம்தான்’னுட்டுப் போனார். காலையில.

— சரி, போங்க.

— சாரும் மேடமும் ஜெயிச்சீங்களா?

— தோத்துட்டோம்.

— அதானே பாத்தேன், காருக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு. ரம்மியா சார்?

— பிரிட்ஜ். நாலு பேர் ஆடுறது. எதிரெதிரே உக்காந்திருக்கிற ரெண்டு பேர் ஒரு கூட்டு. கையில என்ன சீட்டு இருக்குன்னு கூட்டாளிகிட்ட வாயால சொல்லக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. ஏலம் கேப்போம். அந்த ஏலத்துலேயே நான் சொல்லணும், அந்தப் பக்கம் புரிஞ்சுக்கணும்.

— எங்க வீட்லயும் அப்படித்தான் சார். எங்க வீட்டம்மா என்கிட்ட வாயால ஒண்ணும் சொல்ல மாட்டா. பாத்திரம் வைக்கிற சத்தத்துலேயே நான் புரிஞ்சுக்கணும்.

— புரியுமா?

— தட்டு சத்தம் புரியும். டம்ளர் சத்தம் இன்னும் பிடிபடல. ஆனா ஒண்ணு சார், புருஷன் பொண்டாட்டி ஞாயித்துக்கிழமை இப்படிச் சேந்து கிளம்பி வர்றது—

— இவ என் தங்கச்சி.

— ஓ. மன்னிச்சுக்கங்க மேடம். வீட்ல மத்தவங்க யாரும் வரலையா?

— மத்தவங்க இல்லைங்க. நாங்க ரெண்டு பேர்தான்.

— சரிங்க மேடம். வக்கீல் சார் இறங்கினா வந்து சொல்றேன்.

— நல்ல மனுஷன். உனக்கு ஏன் மூஞ்சி சுருங்குது?

— எல்லா இடத்துலயும் இதையே கேக்கிறாங்க, அண்ணா. போன மாசம் கட்டில் வாங்கப் போனப்ப ‘டபுளா சார்?’னு கேட்டான். ‘சிங்கிள், ரெண்டு’ன்னு நீ சொன்ன. அவன் நம்ம ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தான்.

— அவன் பாத்தா பாத்துட்டுப் போறான். நீ பேச்சை மாத்தாதே. சரி, அர்த்தம் கோளாறாப் போச்சுன்னு உனக்குத் தெரிஞ்சுடுச்சு. டாக்டரம்மா டபுள் சொன்னாங்க, நான் பாஸ், வக்கீல் பாஸ். ஏலம் திரும்ப உன்கிட்டதானே வந்துச்சு? ஹார்ட்னோ ஸ்பேட்னோ மாத்தித் தப்பிச்சிருக்கலாமே?

— அது எப்படி முடியும்? நீ வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ டாக்டரம்மாவுக்குச் சொன்ன பதிலைக் கேட்டுத்தானே? அதைக் காதுல வாங்கிக்கிட்டுத் தப்பிச்சு ஓடினா ஏமாத்து. நீ சொன்னது என் காதுலயே விழாத மாதிரிதான் நான் ஆடணும். அந்த ஆட்டத்துல டபுளுக்கு அப்புறம் கூட்டாளி பாஸ் சொன்னா, ‘எனக்கு டைமண்ட் இருக்கு, இங்கயே நிக்கலாம்’னு அர்த்தம். அப்ப நான் நின்னுதானே ஆகணும்? நின்னேன். அடி வாங்கினேன்.

— எந்த ஆட்டத்துல?

— என்ன?

— ‘அந்த ஆட்டத்துல’ன்னு சொன்னியே. எந்த ஆட்டத்துல? நம்ம ஆட்டத்துல அப்படி ஒரு பேச்சே கிடையாதே.

— ஏதோ வாய்தவறி...

— கையும் தவறுது, வாயும் தவறுது. ரெண்டு டைமண்ட் கேட்டா ஹார்ட்டும் ஸ்பேடும்னு அர்த்தம் வெச்சுக்கிட்டிருக்கிற ஆள் நம்ம மன்றத்துல ஒருத்தன்தான். எங்கயோ கத்துக்கிட்டு வந்து, போறவன் வர்றவனையெல்லாம் நிறுத்தி வெச்சுப் பெருமையடிப்பான். உங்க ஆஸ்பத்திரி வாசல்ல மருந்துக்கடை வெச்சிருக்கானே, மாத்திரை.

— அவருக்கு அந்தப் பேரை வெச்சதே நீதான்.

— மாத்திரைதானே?

— ஆமா.

— அவனோட ஆடுற.

— ஆமாண்ணா.

— எப்ப?

— வியாழக்கிழமை.

— வியாழக்கிழமை உனக்கு ஓவர்டைம். ரெண்டு மெஷின்ல ஒண்ணு ரிப்பேர், கூட்டம் தாங்கலைன்னு சொன்ன.

— மெஷின் எப்பவோ சரியாயிடுச்சு.

— எவ்வளவு நாளா நடக்குது?

— போன மழைக்காலத்துல இருந்து.

— மழை நின்னு, வெயில் அடிச்சு, மறுபடி மழையே வந்தாச்சு! வாரா வாரம் உனக்கு ஒரு தட்டைப் போட்டு மூடி வெச்சுட்டு உக்காந்திருக்கேன். வந்து ‘பசிக்கல’ன்னுட்டுப் போய்ப் படுத்துப்ப. பாவம், வேலை அலுப்புன்னு நினைச்சேன்.

— அங்கயே சாப்பிட்டுடுவேன். கடைக்கு மேல அவருக்கு ஒரு ரூம். அடுத்த வீட்டுப் புருஷன் பொண்டாட்டியும் வருவாங்க. நாலு பேர் ஆயிடும்.

— பாப்பா, அவனுக்கு எண்ணவே தெரியாதே! மூணாவது சுத்துலயே எந்தச் சீட்டு போச்சு, எது இருக்குன்னு மறந்துடுவான். அவன் எதிர்ல உக்காந்து ஆடுறதுக்கு என் தங்கச்சியா? உன் ஆட்டம் என்ன, அவன் ஆட்டம் என்ன!

— எண்ணத் தெரியாதுதான். தோத்துட்டா சிரிக்கிறார். முதல் தடவை சிரிச்சப்ப எனக்கு எரிச்சலா வந்துச்சு. என்ன மனுஷன் இவர், ஒரு ரோஷம் வேணாமான்னு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நாம தோத்தா என்ன பண்ணுவோம்? ரெண்டு நாள் பேசிக்க மாட்டோம்.

— மூணாவது நாள் பேசிடுவோமே.

— ஆமா. ‘அன்னைக்கு நீ ஸ்பேட் ஏழைப் போட்டிருக்கக் கூடாது’ன்னு ஆரம்பிப்ப.

— எல்லாம் சரி. நீ வேற எங்கயாவது போய் வேற ஏதாவது செஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு இருக்காது. யாரையாவது கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு வந்து நின்னிருந்தாக்கூட நான் இவ்வளவு—

— அதையும்தான் கேட்டிருக்கார்.

— எதை?

— கல்யாணத்தை.

— மாத்திரையா?

— அந்தப் பேரைச் சொல்லாதேண்ணா. ப்ளீஸ்.

— உனக்கு அம்பது தாண்டியாச்சு, பாப்பா.

— ஆமா. அதனாலதான்.

— ஏசியைப் போடறேன். மூச்சு முட்டுது.

— இஞ்சின் ஓடாம ஏசி போட்டா பேட்டரி போயிடும்.

— போகட்டும். எப்ப கேட்டான்? சரி, எப்ப கேட்டார்?

— அதெல்லாம் எதுக்கு இப்ப? அவர் இந்தக் கடையை விக்கிறார். அவரோட அக்கா இருக்கிற ஊருக்கே போயிடப் போறார். ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல போகணும். அங்க ஒரு கடை பாத்து வெச்சிருக்கார், பின்னாடியே வீடும் இருக்காம். அங்க ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேக்கு ஆள் தேடறாங்கன்னு கூட விசாரிச்சு வெச்சிருக்கார். கூட வர்றீங்களான்னு கேக்கிறார்.

— ‘வர்றீங்களா’வா? மரியாதை எல்லாம் பலமா இருக்கு.

— இருக்கு.

— நீ என்ன சொன்ன?

— இன்னும் ஒண்ணும் சொல்லல.

— ஒரு ராத்திரி ரயில். அப்ப ஞாயித்துக்கிழமை வர முடியாது.

— முடியாது.

— பண்டிகை லீவு, பெரிய லீவு, அப்படி எப்பவாவது வரலாம்.

— வரலாம்.

— இதை ஏன் என்கிட்ட வீட்ல சொல்லல? ஒரே வீடு. ஒரு சுவர்தான் நடுவுல. நீ தும்மினா எனக்குக் கேக்குது.

— வீட்ல எங்கண்ணா பேசறோம் நாம? நீ கடையில இருந்து வருவ, செருப்பைக் கழட்டுவ, ‘அந்த எட்டாவது ஆட்டத்தைப் பத்தி யோசிச்சேன்’னு ஆரம்பிப்ப. நானும் உக்காந்து ஆமா, இல்லைன்னு சொல்லுவேன். தப்பு சொல்லல. எனக்கும் அது பிடிக்கும்தான். ஆனா அம்மா போனப்ப யோசிச்சுப் பாரு. வந்தவங்க எல்லாரும் கிளம்பிப் போனாங்க. வீடு வெறிச்சுன்னு ஆச்சு. எனக்கு உன் தோள்ல சாஞ்சு ஓன்னு அழணும் போல இருந்துச்சு. நீ என்ன பண்ண?

— ஞாபகம் இல்ல.

— இருக்கு உனக்கு. சீட்டுக்கட்டை எடுத்துட்டு வந்து கலைச்ச. நாலு கை போட்ட. எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, மீதி ரெண்டையும் கவுத்து வெச்ச. ‘ஆடு, பாப்பா’ன்ன.

— எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல.

— எனக்குத் தெரியும். அதனாலதான் ஆடினேன். விடிய விடிய ஆடினோம்.

— உனக்கு ஆறுதலா இருந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

— இருந்துச்சுண்ணா. ஆனா அழணும்னு இருந்ததும் அப்படியே உள்ளயே நின்னுடுச்சு. போன வாரம் அவர்கிட்ட ஏதோ பேச்சுல அம்மாவைப் பத்தி வந்துச்சு. ‘எப்படி இருப்பாங்க உங்க அம்மா?’ன்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். கையில சீட்டோட உக்காந்து அழுதேன். அடுத்த வீட்டம்மா தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. ஏலம் யாரோடதுன்னே எல்லாருக்கும் மறந்துபோச்சு.

— என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல.

— யாரையாவது நீ பக்கத்துல விட்டாத்தானே கேப்பாங்க? கடைக்கு வர்றவங்ககிட்ட ‘இது தெளிவா, அது தெளிவா’ன்னு ரெண்டு கேள்வி. அப்புறம் வீடு. நாலு நாற்காலி வாங்கினோமே, யாராவது வருவாங்க, நாலு பேரா உக்காந்து ஆடலாம்னு. ரெண்டுல மடிச்ச துணிதான் உக்காந்திருக்கு.

— உனக்கு வந்த வரனையெல்லாம் நான் தட்டிக் கழிச்சேன்னு சொல்றியா?

— சீச்சீ. யாரையும் குத்தம் சொல்லல. அப்பா படுத்தார், அப்புறம் அம்மா படுத்தாங்க. உனக்கு வந்ததை நீ வேணாம்ன, எனக்கு வந்ததை நான் வேணாம்னேன். நாள் ஓடிப்போச்சு. ரெண்டு பேரும் அதை எண்ணல. அவ்வளவுதான்.

— ரெண்டு பேருமே எண்ணுறதுல பேர்போனவங்க.

— சிரிக்காதே. எனக்கு அழுகை வந்துடும்.

— சரி, கேக்கறேன். இவ்வளவு நாளா யோசிக்கிறியே, என்ன முடிவு பண்ணியிருந்த? உள்ளதைச் சொல்லு.

— சொன்னா நீ கோவிச்சுப்ப.

— கோவம் தீர்ந்துபோச்சு. சொல்லு.

— இன்னைக்கு ஆட்டத்து மேல விட்டுட்டேன்.

— புரியல.

— ஜெயிச்சா லீக்கு. வருஷம் முழுக்க ஊர் ஊராப் போகணும், ஜோடி மாறக் கூடாது. நான் இல்லைன்னா உனக்கும் இடம் இல்ல. இத்தனை வருஷமா நீ ஆசைப்பட்டது இது ஒண்ணுதான். அதனால ஜெயிச்சுட்டா அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு உன்கூட இருந்துடறது. தோத்துட்டா, அவரோட போயிடறதுன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டேன். சீட்டு எப்படி விழுதோ அப்படின்னு.

— சீட்டைக் கேட்டியா? என்னைக் கேக்கலையா?

— உன்னைக் கேட்டா ‘தாராளமாப் போ’ம்ப. சொல்லிட்டு ஒரு வாரம் சாப்பிடாமப் படுத்துப்ப.

— ஒரு வாரம் எல்லாம் தாங்க மாட்டேன். ரெண்டு நாள்.

— அண்ணா, நான் ஜெயிக்கத்தான் ஆடினேன். இதை நீ நம்பணும். ஒரு சீட்டைக்கூட வேணும்னு விடல. காலையில இருந்து உயிரைக் குடுத்து ஆடினேன்.

— அது தெரியும். காலையில நீ ஆடின ஆட்டத்துக்கு எழுந்து நின்னு கை தட்டணும்.

— ஆனா அந்த ஒரு ஆட்டம். வக்கீல் நோ டிரம்ப்னாரு. என் கையைப் பாத்தேன். ஹார்ட் அஞ்சு, ஸ்பேட் அஞ்சு. யோசிக்கவே இல்ல. கை தானாப் போய் வியாழக்கிழமை ஏலத்தை எடுத்து வெச்சிடுச்சு. எதிர்ல உக்காந்திருக்கிறது நீன்னு கூட அந்த நேரம் எனக்குத் தோணல. இத்தனை வருஷம் என் எதிர்ல உக்காந்திருந்த ஆளை ஒரு நிமிஷம் நான் மறந்துட்டேன்.

— வாரா வாரம் பழகினது. கை அப்படித்தான் போகும். நீ என்ன பண்ணுவ?

— இல்லண்ணா. சீட்டு சரியில்லாம தோத்திருந்தா சரின்னு போயிருப்பேன். வக்கீல் நல்லா ஆடி நாம தோத்திருந்தாலும் போயிருப்பேன். இது அப்படி இல்ல. உன் எதிர்ல உக்காந்துக்கிட்டு, அவரோட ஆட்டத்தை ஆடி, நானே உன்னைக் கவுத்துட்டேன். கவுத்துட்டு, ‘ஆட்டம்தான் தோத்துப்போச்சே’ன்னு பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறதா? அதைவிடக் கேவலம் என்ன இருக்கு? நான் போட்டுக்கிட்ட பேச்சு செல்லாது. நான் போகல.

— என்ன சொல்ற?

— போகல. அவர்கிட்ட சொல்லிடறேன். அடுத்த வருஷம் ஒழுங்கா ஆடி, ஜெயிச்சு, லீக்குக்குப் போகலாம்.

— அவசரப்படாதே. நல்லா யோசிச்சுட்டுச் சொல்லு.

— யோசிச்சாச்சு.

— ஆத்திரத்துல எடுத்த முடிவா இருக்கப் போகுது.

— ஆத்திரம் எல்லாம் இல்ல. உன்னை இப்படித் தோக்கடிச்சுட்டு அங்க போய் என்னால நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியாது. வியாழக்கிழமையும் இனிமே போகல. வீட்லயே இருக்கேன்.

— வியாழக்கிழமையுமா?

— ஆமா.

— சரி. உன் இஷ்டம், பாப்பா. நான் ஒண்ணும் சொல்லல. உனக்கு எது சரின்னு படுதோ... வியாழக்கிழமை வேணும்னா நாம புதுசா ஏதாவது பழகலாம். நோ டிரம்ப்புக்கு எதிரா நம்ம முறையே பழசாயிடுச்சு. ரெண்டு டைமண்டையே ஹார்ட்டும் ஸ்பேடும்னு மாத்தி வெச்சுக்கிட்டா என்ன? எனக்கு ஆட்சேபணை இல்ல. நீ பழகினதை நீ மாத்த வேணாம், நான் மாத்திக்கறேன்.

— சரி.

— மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியே. ஆளைக் கூப்பிடலாம். எந்த நிறம் வேணும்னு நீயே சொல்லு.

— எந்த நிறமா இருந்தாலும் சரி.

— நீலம் கேட்டுக்கிட்டிருந்த.

— நீலமே அடிக்கச் சொல்லு.

— குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்லண்ணா. பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கிச்சு.

— தண்ணி குடி. பின்னாடி பையில பாட்டில் இருக்கு.

— வேணாம்.

— சார்! வக்கீல் சார் வந்துட்டார். கோப்பையைத் தூக்கிக்கிட்டே வந்தார். வண்டியை எடுத்துட்டார், உங்களுக்கு வழி விட்டாச்சு, பின்னாடி வாங்க, நான் பாத்துச் சொல்றேன்.

— ஒரு நிமிஷம் இருங்க.

— சார், பின்னாடி இன்னொரு கார் காத்துக்கிட்டிருக்கு.

— அந்த வக்கீலுக்காக நாங்க இவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருக்கல? ஒரு நிமிஷம்.

— எடுண்ணா. ஏன் நிக்கிற? நான் இப்பவே அவருக்குப் போன் போட்டுடறேன். வீட்டுக்குப் போனா எனக்குத் தைரியம் போயிடும். நீ ஓட்டு, நான் பேசிடறேன்.

— என்ன சொல்லப் போற?

— முடியாதுன்னு. அண்ணனுக்கு நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன், அவரை விட்டுட்டு வர முடியாதுன்னு.

— அப்படியேவா சொல்லுவ?

— அதுதானே உண்மை?

— கண்ணைத் துடைச்சுக்க முதல்ல.

— துடைச்சாச்சு. ரிங் போகுது.

— கட் பண்ணு.

— இருண்ணா, எடுத்துடுவார்.

— கட் பண்ணிட்டு நான் சொல்றதைக் கேளு. மொத்தம் டைமண்ட் பதிமூணு. என் கையில நாலு. டபுள் சொன்ன டாக்டரம்மாகிட்ட அஞ்சுக்குக் குறையாது. நோ டிரம்ப் சொன்ன வக்கீல்கிட்ட எப்படியும் ரெண்டு இருக்கணும். மிஞ்சிப் போனா உனக்கு ரெண்டு. உன்கிட்ட டைமண்ட் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுது, அது யாரோட ஏலம்னும் தெரிஞ்சுது, ரெண்டு ஹார்ட்னு மாத்தினா தப்பிச்சுடுவோம்னும் தெரிஞ்சுது. எல்லாம் தெரிஞ்சுதான், வயித்தெரிச்சல்ல, பாஸ் அட்டையை எடுத்து வெச்சேன். தோக்கடிச்சது நீ இல்ல பாப்பா, நான்.